போட் மெயிலுக்கு ஒரு போட் வேண்டும்

இந்திய, இலங்கை வெளியுறவு அமைச்சர்கள் இருவருக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

போன மாசம் மன்னாரில் எங்கள் அயித்தை தவறிவிட்டார். விடிகாலையில் போன் வந்தது. மதுரைக்கு ஓடி, விமானத்தில் இடம் கிடைக்க ஒரு நாள் காத்து, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே 300 கிலோமீட்டர் பஸ்ஸில் போனேன். காடாற்றுதான் கிடைத்தது, முகம் பார்க்கவில்லை. ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஊருக்கு இந்தப் பாடு.

இதே அயித்தையை 1974-இல் கல்யாணம் முடித்துக் காரைக்குடி ரயிலடியில், ராமேஸ்வரம் போய்க் கப்பலோடு சேருகிற போட் மெயில் ரயிலில்தான் ஏற்றிவிட்டோம். தூக்குச்சட்டி நிறைய மனகோலமும் சீப்புச் சீடையும். “கப்பல்ல சாச்சுப்புடாத ஆத்தா” என்று அப்பத்தா ரயில் நகரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தது. மறுநாள் பொழுது சாய மன்னார். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து மன்னார்த் தீவின் தலைமன்னாருக்கு ஓடிய கப்பல் அது. இலங்கையில் போர் வந்ததும் கப்பல் நின்றது. போர் 2009-இல் முடிந்துவிட்டது, ஐயா. ரயிலுக்கு ஊரில் இன்றும் போட் மெயில் என்றுதான் பெயர், போட்டைத்தான் காணோம்.

தலைமன்னார் ரயிலை 2015 மார்ச்சில் கொடியசைத்துத் தொடங்கிவைத்தவர் நம் பிரதமர். 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பன் புதுப் பாலத்தைத் திறந்தவரும் அவரே. அன்றைக்கு அனுராதபுரத்திலிருந்து ஹெலிகாப்டரில் நேரே வந்து இறங்கினார். குறுக்குவழி எவ்வளவு கிட்டம் என்று அவருக்கா தெரியாது? இரண்டு கரையிலும் தண்டவாளம் தயார். நடுவில் கொஞ்சம் கடல்.

ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலை விடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

2023 ஜூலையில் இரு நாடும் விட்ட அறிக்கையில் விரைவில் என்றீர்கள். 2024 டிசம்பர் அறிக்கையிலும் விரைவில். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதற்கு நன்றி. மன்னார் போகிறவனுக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. தனுஷ்கோடிக் கோடியில், அரிச்சல்முனையில் நின்றால் என் செல்போன் தானாகவே இலங்கை சிக்னலுக்குப் போய்விடுகிறது. அதற்கு விசாவும் வேண்டாம், கூட்டறிக்கையும் வேண்டாம்.

இரண்டு ஜனநாயகம், தொப்புள்கொடி உறவு என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்கள். மீனவன் படகு பிடிபடும்போது அந்தக் கொடி எங்கே போய்ச் சுருட்டிக்கொள்கிறதோ! சரி, அது வேறு வழக்கு. கோபத்தில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருசம் அயித்தைக்குத் திதி வருகிறது. அதற்குள் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல், வாரம் இரண்டு நடை போதும். தயவுசெய்து, இந்தத் தடவை விரைவில் என்று எழுதாமல் தேதி போட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளையின் பேரன்,
காரைக்குடி