ஆய்வகத்துக்கு முன்னால் நடப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல் மீன்களின் மரபணு ஆய்வு பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரை வைத்தே அங்கு வாழும் மீன்களையெல்லாம் சொல்லிவிடலாம் என்று தொடங்கி, இயந்திரத்தின் பெருமையைப் பேசி, இனி மீன்வளத்தைக் காப்பது எளிது என்று முடிகின்றன. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த நீரை எங்கே, எப்படி எடுத்தார்கள், எதில் வைத்திருந்தார்கள் என்று ஒரு வரியும் இருப்பதில்லை. முடிவு தேறுமா தேறாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். இத்துறையில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில், செய்திகளில் விடுபடும் அந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் கடல்நீர். மீன்கள் உதிர்க்கும் சளி, தோல், கழிவு ஆகியவற்றிலிருந்து டி.என்.ஏ. நீரில் கலக்கிறது. அதை வடிகட்டிப் பிரித்து, எல்லா மீன்களிலும் இருக்கும் ஒரு சிறு பகுதியை மட்டும் பிசிஆர் (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும்) முறையில் பெருக்கி, அதன் வேதியெழுத்துகளின் வரிசையைப் படித்து இனம் கண்டுபிடிக்கிறார்கள். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட 'மைஃபிஷ்' முறை மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பின்) டி.என்.ஏ.வில் சுமார் 170 எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டைப் படிக்கிறது. ஒகினாவாவின் சுராவுமி மீன் காட்சியகத் தொட்டிகளில் இதைச் சோதித்தபோது, உள்ளே இருந்த 180 இனங்களில் 168 அகப்பட்டன. நல்ல மதிப்பெண்தான். ஆனால் தொட்டியில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரியும். கடலில் தெரியாது.

களத்தில் செய்யும் வேலை எளிமையானது, பிசகுவதும் அதே அளவு எளிது. புட்டிகள், குழாய், வடிகட்டி பொருத்தும் கிண்ணம் எல்லாவற்றையும் பத்துக்கு ஒன்றாகக் கரைத்த பிளீச் கரைசலில் பத்து நிமிடமாவது ஊறவைத்து, பிறகு சுத்தமான நீரில் பல முறை அலச வேண்டும். அலசுவதில் சோம்பல் பட்டால் மிஞ்சிய பிளீச் மாதிரியில் இருக்கும் டி.என்.ஏ.வையும் அழித்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு லிட்டர் வீதம் மூன்று தனித்தனி புட்டிகளாவது எடுக்க வேண்டும், ஒரே புட்டியை மூன்றாகப் பிரித்தால் அது மூன்று மாதிரி ஆகாது. 0.45 மைக்ரான் வடிகட்டி போதுமானது. கலங்கிய நீரில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அப்போது அழுத்தத்தைக் கூட்டிக் கிழிப்பதைவிட இரண்டாவது வடிகட்டிக்கு மாறி, வடிந்த அளவைக் குறித்து வைப்பதே நல்லது. உடனே வடிகட்ட வழியில்லை என்றால் பனிக்கட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அல்லது லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியின் 10 சதவீதக் கரைசல் சேர்த்தால் நுண்ணுயிரிகள் டி.என்.ஏ.வைத் தின்பது தாமதமாகும்.

இவற்றோடு ஒரு புட்டி வெறும் தூய நீரையும் படகில் கொண்டுபோய், அங்கேயே திறந்து, அதே கருவியில் வடிகட்டி, கடைசிப் படிவரை கூடவே நடத்த வேண்டும். அந்த வெற்று மாதிரியில் சூரை மீன் தெரிந்தால், மற்ற புட்டிகளில் தெரிந்த சூரையையும் நம்ப முடியாது. பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழும் மீன் ஒரு பட்டியலில் முளைத்திருக்கிறது என்றால், அது புதிய கண்டுபிடிப்பு என்று எழுதுவதற்கு முன் வெற்று மாதிரியின் முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

வெற்று மாதிரி சுத்தமாக இருந்தும் ஏமாறலாம். மீன் இறங்குதளத்தில் கழுவி ஊற்றும் நீர், உருகிய ஐஸ், சாக்கடை எல்லாவற்றிலும் மீன் டி.என்.ஏ. இருக்கிறது. ஆழ்கடலில் பிடித்து வந்த மீனின் டி.என்.ஏ. துறைமுக வாயில் நீரில் தெரிந்தால், அந்த மீன் அங்கே வாழ்கிறது என்று பொருளில்லை. நீரோட்டமும் டி.என்.ஏ.வை நகர்த்தும். கடலில் அது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சிதைந்து அடையாளம் தெரியாமல் போய்விடுவதால் மிகப் பழைய தடயம் என்ற குழப்பம் குறைவு, எங்கிருந்து வந்தது என்ற குழப்பம் குறையாது. மீன் பெரியதா சிறியதா, ஆணா பெண்ணா, சினை பிடித்ததா என்பது எதுவும் இந்த முறையில் தெரியாது. ஒரு இனத்தின் துண்டுகள் அதிகமாக வந்தன என்பதற்காக அந்த மீன் அதிகம் என்று சொல்லவும் கூடாது, ஏனென்றால் பிசிஆர் எல்லா இனங்களையும் சமமாகப் பெருக்குவதில்லை.

அடுத்தது, கையில் இருக்கும் மீனின் இனத்தைக் கண்டறிவது. 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த 'பார்கோடு' முறை, சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் சுமார் 650 எழுத்துகளை ஒப்பிடுகிறது. துடுப்பு நறுக்கிய சுறா, தோலுரித்த துண்டு, முட்டை, குஞ்சு என்று உருவத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாத இடங்களில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் டப்பாவில் அடைத்து அதிக வெப்பத்தில் வேகவைத்த மீனில் டி.என்.ஏ. பொடிப்பொடியாகிவிடுகிறது. அதில் 650 எழுத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, நூற்றைம்பது எழுத்து அளவிலான குறும்பகுதியைத்தான் தேட வேண்டும்.

சூரை வகைகளில் வேறொரு சிக்கல். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவது. அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரைகளில் ஒரு சிறு பங்கு, எப்போதோ நடந்த இனக்கலப்பின் மிச்சமாக, அல்பக்கோர் சூரையின் மைட்டோகாண்ட்ரியாவைப் போன்ற ஒன்றைச் சுமக்கிறது. சிஓஐ மட்டும் படித்து ஒரு வியாபாரி மீது வழக்குப் போட்டால், குற்றமில்லாதவர் மாட்டிக்கொள்வார். உட்கருவில் உள்ள ஒரு மரபணுவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். மடவையில் நேர்மாறான நிலை. உலகம் முழுக்க ஒரே அறிவியல் பெயரில் வழங்கிவந்த மடவைக்குள் பத்துக்கும் மேற்பட்ட தனித்தனி மரபு வரிசைகள் இருக்கின்றன. ஒப்பிடுவதற்காகச் சேர்த்து வைத்த மரபணு வரிசைத் தொகுப்பில் எந்த மடவை யாருடையது என்று சரியாகப் பதியாவிட்டால், பொருத்தம் 99 சதவீதம் என்று கணினி காட்டினாலும் பயனில்லை.

அதனால்தான், திசு எந்த மீனுடையது என்று பின்னால் சரிபார்க்க முழுதாகப் பாதுகாக்கும் சான்று மீனை வலியுறுத்துகிறோம். அளவுகோலை அருகில் வைத்து, உயிர் நிறம் மங்குமுன் இரு பக்கமும் படம் எடுக்க வேண்டும். கையுறை மாட்டி, வலப்பக்க மார்புத் துடுப்பில் அரை சென்டிமீட்டர் நறுக்கி, அதைப் போல் பத்து மடங்கு அளவுள்ள 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும், ஏனென்றால் திசுவிலிருந்து வெளிவரும் நீர் அதை நீர்த்துப்போகச் செய்யும். அடுத்த மீனுக்குப் போகுமுன் கத்தரியைத் துடைத்துச் சுடரில் காட்ட வேண்டும். சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, பெயர் தெரியாத திசுதான் மிஞ்சும். இதெல்லாம் முடிந்த பிறகே முழு மீனை ஃபார்மலினில் வைத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். வரிசை மாறி ஃபார்மலின் முதலில் வந்தால், அது டி.என்.ஏ.வைப் புரதங்களோடு பிணைத்துத் துண்டாக்கிவிடும். அதிலிருந்து எதையாவது மீட்பது செலவு பிடித்த, நிச்சயமில்லாத வேலை.

மூன்றாவது விஷயம் செய்திகளில் அதிகம் திரிவது. இரண்டு கடற்பகுதி மீன்களில் மரபணு வேறுபாடு தெரியவில்லை என்று ஆய்வு சொன்னால், 'இரண்டும் ஒரே கூட்டம்' என்று தலைப்பு வருகிறது. தலைமுறைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மீன்கள் இடம் மாறினாலே வேறுபாடு வளராமல் மழுங்கிவிடும். ஆனால் ஒரு பகுதி மீன்பிடியால் வெறுமையானால், அந்தச் சில மீன்கள் வந்து அதை நிரப்பாது. மரபில் ஒன்று என்பதும், எண்ணிக்கையில் ஒன்றை ஒன்று தாங்கும் என்பதும் வேறு வேறு. ஒவ்வொரு இடத்திலும் முப்பது முதல் ஐம்பது மீன் வேண்டும், அதுவும் முட்டையிடும் காலத்தில், முட்டையிடும் இடத்தில் எடுத்தவையாக இருந்தால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும். மேயும் இடத்தில் எடுத்தால் பல கூட்டங்கள் கலந்திருக்கும், சந்தையில் வாங்கினால் எங்கே பிடித்தது என்பதே ஐயம்.

இதைச் சரியாகக் கையாண்ட இடத்துக்கு நார்வேயின் காட் மீன் உதாரணம். பேரன்ட்ஸ் கடலிலிருந்து லொஃபோட்டன் தீவுகளுக்கு முட்டையிட வரும் பெருங்கூட்டமும், கரையோரத்திலேயே தங்கும் நலிந்த கூட்டமும் அங்கே கலந்து கிடக்கின்றன. உருவத்தில் பிரிப்பது கடினம். ஆனால் ஒரு குரோமோசோம் பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதில் இரண்டும் வேறுபடுகின்றன. 2009 முதல் அங்குள்ள கடல் ஆய்வு நிறுவனம் பிடிபட்ட மீன்களின் திசுவைப் பெற்று, ஒரு நாளுக்குள் கலப்பு விகிதத்தைச் சொல்கிறது. கரையோர மீன் அதிகமென்றால் அந்தப் பகுதி மூடப்படும், குறைந்தால் திறக்கப்படும். எங்கள் பார்வையில் இதில் மரபியல் பாதிதான். எந்த விகிதத்தில் யார் மூடுவது என்று முன்பே விதி எழுதி வைத்திருந்தது மறு பாதி. விதி இல்லாத இடத்தில் இதே சோதனை ஒரு கட்டுரையாக மட்டும் முடிந்திருக்கும்.

எண்ணிக்கைக்கு வருவோம். கடலில் மீனை எண்ண முடியாது என்ற பழைய குறைக்கு, உறவுமுறைக் கணக்கு ஓரளவு பதில் தருகிறது. ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு தாய், ஒரு தந்தை உண்டு. கூட்டம் சிறியதென்றால், தற்செயலாக எடுத்த பெரிய மீன்களுக்குள் அந்தப் பெற்றோர் சிக்கும் வாய்ப்பு அதிகம். 1,000 பெரிய மீன், 1,000 குஞ்சு எடுத்து, 20 பெற்றோர்–பிள்ளை இணைகள் கிடைத்தால், இரண்டை ஆயிரத்தால் இருமுறை பெருக்கி இருபதால் வகுக்க, முதிர்ந்த மீன்கள் சுமார் ஒரு லட்சம் என்று வரும். தெற்கு நீலத்துடுப்புச் சூரையில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்கு, ஏறத்தாழ 13,000 மீன்களில் கண்ட 45 இணைகளை அடிப்படையாகக் கொண்டது. பிடிப்புப் புள்ளிவிவரத்தை நம்ப வேண்டிய தேவை வெகுவாகக் குறைகிறது என்பதே இதன் அருமை. கிழக்கு ஆஸ்திரேலிய வெள்ளைச் சுறாவில் முதிர்ந்தவற்றைத் தொடவே இல்லை. இளம் சுறாக்களுக்குள் ஒரே தாயோ தந்தையோ உள்ளவை எத்தனை என்று பார்த்தே, முதிர்ந்தவை சுமார் 750 என 2018இல் கணித்தார்கள்.

மேலே சொன்ன ஆயிரம் பெரிய மீன், ஆயிரம் குஞ்சுக் கணக்கில் பத்து லட்சம் ஒப்பீடுகள் இருக்கின்றன. லட்சத்துக்கு ஒன்று வீதம் தவறான பொருத்தம் விழுந்தாலும், இருபது உண்மை இணையோடு பத்துப் பொய் இணை சேர்ந்து, ஒரு லட்சம் என்பது அறுபத்தாறாயிரமாகச் சுருங்கிவிடும். ஒப்பிடுவதற்கு எடுக்கும் மரபணுக் குறிகளின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான். பெரிய மீன் அதிக முட்டை இடும் என்பதால் நீளமும் வயதும் குறிக்காத திசு இதற்கு உதவாது. வயதுக்குச் செவிக்கல் (மீனின் காதுக்குள் இருக்கும், வளர்ச்சி வளையங்கள் கொண்ட சிறு கல்) எடுக்க வேண்டும்.

எண்ணிக்கையும் மரபு வளமும் ஒன்றல்ல என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கலிஃபோர்னியா வளைகுடாவின் வாகிட்டா என்ற சிறு கடற்பாலூட்டி பத்து அளவுக்குக் குறைந்தபோது, 'நெருங்கிய உறவில் பெருகி எப்படியும் அழியும்' என்று பலரும் கைவிட்டார்கள். 2022இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு அதை மறுத்தது. அந்த இனம் பல ஆயிரம் ஆண்டுகளாகவே சிறு கூட்டமாக வாழ்ந்ததால், தீமை செய்யும் மரபணு மாற்றங்கள் ஏற்கெனவே குறைந்திருக்கின்றன. செவுள் வலையில் சாவது நின்றால் மீளும் வாய்ப்பு இருக்கிறது. பெருங்கூட்டமாக வாழ்ந்து திடீரெனச் சுருங்கும் மீன்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அங்கேதான் குஞ்சு விடும் திட்டங்கள் கவலை தருகின்றன. 'கடலில் இத்தனை லட்சம் குஞ்சுகள் விடப்பட்டன' என்று படத்தோடு செய்தி வருகிறது. அவை எத்தனை தாய் மீன்களின் பிள்ளைகள் என்று யாரும் கேட்பதில்லை. தொட்டியில் 5 பெண், 45 ஆண் இருந்தால் மொத்தம் 50 என்று பதிவேட்டில் இருக்கும். மரபுக் கணக்கில், அதாவது ஆணும் பெண்ணும் சமமாகப் பெற்றோராகும் எத்தனை மீன்களுக்கு இது ஈடு என்று பார்த்தால், நான்கு பெருக்கல் ஐந்து பெருக்கல் நாற்பத்தைந்து, வகுத்தல் ஐம்பது, ஆக 18தான். கூட்டமாக முட்டையிடும் மீன்களில் சில மீன்களே பெரும்பங்குக் குஞ்சுகளுக்குப் பெற்றோராவதால் அந்தப் பதினெட்டும் தேறாது. அவற்றின் லட்சக்கணக்கான பிள்ளைகள் கடலில் பிழைத்துக்கொண்டால், தலை எண்ணிக்கை கூடும்போதே காட்டுக் கூட்டத்தின் மரபு வளம் குறையலாம். ரைமன், லைக்ரே என்ற இரு ஆய்வாளர்கள் 1991இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆண் பெண் எண்ணிக்கையைச் சமமாக வைப்பது, ஒவ்வொரு பருவத்திலும் தாய் மீன்களில் ஒரு பகுதியை அதே கடற்பகுதியிலிருந்து பிடித்தவற்றால் மாற்றுவது, ஒரே நாள் முட்டைகளை மட்டும் வளர்க்காமல் பல நாள் முட்டைகளைச் சம அளவில் கலப்பது ஆகியவை பெருஞ்செலவு இல்லாமலே செய்யக்கூடியவை.

இன்னொன்றையும் குஞ்சு பொரிப்பகங்களில் விசாரித்து எழுதுங்கள். முட்டையிடுவதற்கு முன் ஒவ்வொரு தாய், தந்தை மீனிலிருந்தும் துடுப்புத் துண்டு எடுத்து எத்தனாலில் வைத்திருக்கிறார்களா? அது இருந்தால், மூன்று ஆண்டு கழித்து வலையில் விழும் மீன் நாம் விட்டதா, கடலில் பிறந்ததா என்று பெற்றோர் சோதனையில் சொல்லிவிடலாம். அந்தத் துண்டை எடுத்து வைக்காமல் தாய் மீன் செத்துவிட்டால் எந்த இயந்திரத்தாலும் அதைச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
மீன் மரபியல் ஆய்வில் பணிபுரியும் வாசகர்கள்