மருந்துக் கழிவுநீரும் ஒளிவினையூக்கியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹைதராபாத் அருகே பட்டன்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய பிறகும் அதில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் பாக்டீரியாக்கொல்லி மருந்து இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. பாக்டீரியாவை நம்பி இயங்கும் சுத்திகரிப்புத் தொட்டிக்குள் பாக்டீரியாக்கொல்லியை விட்டால் வேறென்ன நடக்கும்?

டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற ஒளிவினையூக்கிகள், அதாவது ஒளி பட்டால் வினையைத் தூண்டும் பொருள்கள், இந்த மருந்து மூலக்கூறுகளை உடைக்கும். ஆனால் தூளைக் கொட்டி விளக்கைப் போட்டால் போதாது. லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் நீர் சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெளுத்து, ஒளி உள்ளே இறங்காது. விளக்கைப் போடுமுன் அரை மணி நேரம் இருட்டில் கலக்க வேண்டும். இல்லையேல் தூளில் வெறுமனே ஒட்டிக்கொண்ட மருந்தையும் அழிந்ததாகக் கணக்கெழுதிவிடுவோம். காற்றும் விடாமல் ஊத வேண்டும்.

ஆய்வகத்தில் வாலைவடிநீரில் கிடைத்த வேகம் ஆலைக் கழிவில் கிடைக்காது. பைகார்பனேட்டும் கரிமப் பொருள்களும் மருந்தை உடைக்க ஒளியில் உருவாகும் வீரியமிக்க ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை (radicals) விழுங்கிவிடும். ஆகவே உயிரியல் சுத்திகரிப்பும் வடிகட்டலும் முடிந்த நீருக்கே இது ஏற்றது. வெயிலை மட்டும் நம்புவோர், டைட்டானியம் டை ஆக்சைடுக்குத் தேவையான புற ஊதாக் கதிர் அதில் சுமார் 5 சதவீதமே என்பதை மறக்கக் கூடாது.

மூல மருந்து மறைந்ததும் வெற்றி என்று அறிவிப்பதுதான் எங்களுக்குப் பெருங்கவலை. சோப்புகளில் இருந்த டிரைக்ளோசான் என்னும் கிருமிநாசினி ஒளியில் சிதையும்போது டையாக்சின் என்னும் நச்சு வகைச் சேர்மம்கூட உருவாகலாம். மொத்தக் கரிம அளவையும், வெளியேறும் நீர் ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியை இன்னும் தடுக்கிறதா என்பதையும் சோதித்த பிறகே வாய்க்காலைத் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறை வாசகர்கள்