டிசம்பரில் எந்த சைக்கிளோடு வருவாய்?

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிவிட்டது. அம்மாவின் முழங்கால் பற்றிக் கேட்டிருந்தாய். பனி ஏறினால் வலிக்கிறது, வெயில் பட்டால் குறைகிறது, எப்படியோ நடமாடுகிறார். மகள் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதனால் வீட்டில் டிவி சத்தமே இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். டிசம்பரில் புது மலைச் சைக்கிளோடு வருவதாகவும், பின்பக்கம் இரண்டு குட்டி லிங்க், அதாவது அசையும் இணைப்புத் துண்டுகள், வைத்த சஸ்பென்ஷன் மனதுக்குப் பிடித்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அது நம் பக்கத்து மண்ணுக்குத் தாங்குமா என்பதுதானே கேள்வி?

என் சைக்கிளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அது நாலு தண்டுகளை மூட்டுகளால் சேர்த்த நாலு பார் ரகம், பின்பக்க மூட்டுகளில் மட்டும் எட்டு பேரிங். போன வருடம் ஆடி, ஆவணி முழுக்கத் தம்பேதன்னைத் தோட்டத்து ரோட்டில்தான் ஓடினேன். ஊவாத் தேயிலைக்கு மணம் கூட்டுகிற அதே கச்சான் காற்று, மண்ணை மாவாகப் பறக்க விடும். அந்தத் தூசி, பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீலின் விளிம்பில் போய் ஒட்டியது. ஐப்பசி மழை வந்ததும் தூசி சேறானது. நம் செம்மண்ணில் வெள்ளைக்கல் பொடி கலந்திருக்கிறதல்லவா, ஈரமானால் அது உப்புத்தாள் மாதிரி அராவும். போதாததற்கு ஒவ்வொரு முறையும் ஜெட் பைப்பை மூட்டுக்கு நேரே பிடித்துக் கழுவினேன். சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளியது என் கைதான்.

கார்த்திகையில் ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று சத்தம். ஒரு கையால் சீட்டை மெல்லத் தூக்கி, மறு கை விரலைக் கீழ் மூட்டில் வைத்துப் பார்த்தேன். சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு முன்னாலேயே விரலில் ‘டிக்’ என்று தட்டியது. கழற்றி, பிளேடு நுனியால் சீலைக் கிளப்பினால் உள்ளே கிறீஸே இல்லை, காவி நிறத் தண்ணீர். சுண்டுவிரலில் மாட்டிச் சுழற்றினால் தடக், தடக் என்று நின்று நின்று போகிறது. மேலே ஷொக் அப்சோபர் பக்கத்தில் இருந்த நாலும் வழுக்கிக்கொண்டு சுற்றின. இத்தனைக்கும் எட்டையும் முன்பு ஒரே நாளில்தான் போட்டிருந்தேன், மச்சான். சேறு படுகிற இடத்தில் இருந்தவைதான் கெட்டன.

சக்கரத்து பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதால் கிறீஸ் எல்லா இடத்துக்கும் பரவும். லிங்க் பேரிங் கொஞ்சம் போய்க் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். குண்டுகள் ஒரே இடத்தை அழுத்தி, கிறீஸை ஓரத்துக்கு ஒதுக்கி, வளையத்தில் பள்ளம் போடுகின்றன. இதற்காகவே குண்டுகளைப் பிரித்து வைக்கிற கூடு இல்லாமல் குண்டுகளை நெருக்கி அடைத்த பேரிங் போடுகிறார்கள். ஆனால் தண்ணீர் நுழைந்துவிட்டால் அதுவும் துருப்பிடிக்கும்.

ஆகவே லிங்க்குகளை எண்ணிக்கொண்டிருக்காதே. நீ சொல்கிற ரகத்தில் கீழ் லிங்க், பின் டயருக்கு நேர் முன்னால், சேறு விழுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. லிங்க் குட்டியானதால் அங்கே மயிரிழை ஆட்டம் விழுந்தாலும் சக்கரத்தில் பெரிதாகத் தெரியும். சாண்டா குரூஸ் சைக்கிள் கம்பெனிக்காரர்கள் அந்தக் கீழ் லிங்க்கில் கிறீஸ் நிப்பிள் வைத்திருக்கிறார்கள். பிரிக்காமலே புது கிறீஸை ஏற்றிப் பழசை வெளியே தள்ளலாம். அது இருந்தால் தைரியமாக வாங்கு. இல்லையென்றால், இங்கிலாந்தின் ஒரேஞ்ச் சைக்கிள் மாதிரி ஒற்றை மூட்டு ரகத்தில்தான் எனக்கு இன்னும் நம்பிக்கை. அதுவும் மழையும் சேறும் உள்ள ஊரில் பிறந்ததுதான். லிப்டன் சீட் மலை உச்சியிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடித்தால் பின்பக்கம் கொஞ்சம் இறுகும். எனக்கு அது பெரிய குறை இல்லை.

இன்னொன்று, பேரிங் நம்பரைக் கேட்டு எழுது. என்னுடைய கீழ் மூட்டில் 6902, அதாவது உள் விட்டம் 15, வெளி விட்டம் 28, அகலம் 7 மில்லிமீற்றர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் முதல் உதிரிப்பாகக் கடையிலேயே கிடைத்தது. நெருக்கி அடைத்த ரகம் கிடைக்கவில்லை, சாதாரணத்தையே போட்டேன். தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்கிற ஃபிட்டர் அண்ணன்தான் நீள போல்ட்டும் இரண்டு சொக்கட்டும் வைத்து, வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழும்படி மெல்ல இறுக்கி ஏற்றினார். சுத்தியலைத் தொடவே விடவில்லை. வேகமாகச் சுற்றும் மெஷின் பேரிங்குக்குக் கிறீஸ் கொஞ்சம்தான் வைக்க வேண்டும், நிரப்பினால் சூடேறிவிடும். இதில் சூடே வராது, நிரப்பிவிடு என்றார். படகுக்குப் பூசுகிற தண்ணீர் தாங்கும் கிறீஸை வழிய வழிய அடைத்தோம். இந்த மழைக்காலம் முடியும்வரை சத்தமே இல்லை. இப்போது வாளித் தண்ணீரும் துணியும்தான், ஜெட் பைப் பக்கமே போவதில்லை.

முன் ஃபோர்க்கை மறந்துவிடாதே. அதைச் செய்கிற ரொக்‌ஷொக்ஸ்காரர்கள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை அதன் கீழ்க் குழாய்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். இங்கே மழை மாதங்களில் நான் அதற்கும் முன்னாலேயே மாற்றுகிறேன்.

எந்த சைக்கிள் எடுத்தாலும் மூட்டு பேரிங் இரண்டு செட் கூடவே வாங்கி வா, நெருக்கி அடைத்த ரகமாகப் பார்த்து. கிறீஸ் என்னிடம் இருக்கிறது. நீ வருகிற செய்தியைச் சொன்னதிலிருந்து அம்மா, ரொட்டிக்கு உனக்குக் கட்டச் சம்பல் உறைப்பாகவா, குறைத்தா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்புத்தளையிலிருந்து உன் மச்சான்