பனிச்சரிவு மீட்பு நாய்களின் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தேடும் மோப்ப நாய்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். உடன் வெளியிட்டிருந்த படத்தைப் பற்றி ஒரு சிறு திருத்தம் சொல்ல வேண்டும். அதில் செயின்ட் பெர்னார்டு என்ற பெரிய இன நாயின் கழுத்தில் தொங்கும் மதுப் பீப்பாய், 1820இல் தீட்டப்பட்ட ஓர் ஓவியத்தின் வழியாகப் பரவிய கற்பனை. அந்த இனமே இன்று இப்பணியில் அரிதாகிவிட்டது. ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்லவும் ஆழ்பனியில் ஓடவும் ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், பார்டர் கோலி போன்ற எடை குறைந்த நாய்களே ஏற்றவை.

நாயின் மூக்கை அவ்வளவு வியந்த கட்டுரையில், அந்த மூக்கை வேலைக்குப் பழக்குவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது. பயிற்சி கண்ணாமூச்சி விளையாட்டாகவே தொடங்குகிறது. நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பயிற்றுநர் ஓடிப்போய்ப் பனிக்குழியில் ஒளிந்துகொள்வார். கண்டுபிடித்ததும் அதனுடன் துணியை இழுத்து விளையாடுவார். நாய்க்கு அதுதான் கூலி. பிறகு வேறொருவர் ஒளிவார், அடுத்த கட்டத்தில் குழியின் வாயும் பனியால் மூடப்படும். கடைசிக் கட்டத்தில் ஆள் புதைந்திருக்கும் இடம் பயிற்றுநருக்கே சொல்லப்படாது. தெரிந்திருந்தால், அவருடைய பார்வையையும் நடையின் தயக்கத்தையும் வைத்தே நாய் இடத்தை ஊகித்துவிடும்.

பயிற்சி நாய்க்கு மட்டும் அன்று. மனித வாடை பனியின் நுண்துளைகள் வழியே மெல்லக் கசிந்து, சில வேளைகளில் புதைந்தவருக்கு நேர்மேலே அல்லாமல் சற்றுத் தள்ளி வெளிப்படும் என்பதால், காற்றுக்கு எதிர்முகமாக நாயை நடத்தவும், அது சட்டென்று தலையைத் திருப்புவதற்கும் முன்னங்கால்களால் பறிக்கத் தொடங்குவதற்கும் பொருள் காணவும் பயிற்றுநர் பழகியிருக்க வேண்டும். இருவரும் தேர்ச்சி பெற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இத்தனைக்குப் பிறகும் நாய் தாமதமாக வந்தால் பயனில்லை. நீண்ட கம்பிகளால் பனியைக் குத்திப் பார்த்தபடி இருபது பேர் சுமார் 4 மணி நேரத்தில் தேடும் ஒரு ஹெக்டேர் பரப்பை, நல்ல நாய் அரை மணி நேரத்தில் தேடிவிடும். ஆனால் முழுதும் புதைந்தவர்களில் முதல் 15 நிமிடத்துக்குள் மீட்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்க, 35 நிமிடத்தில் அது மூன்று பேராகச் சுருங்குகிறது என்பது சுவிட்சர்லாந்தின் பழைய ஆய்வு காட்டிய கணக்கு. எனவே நாய்களைப் பள்ளத்தாக்கில் வைத்துவிட்டு அழைப்புக்குக் காத்திராமல், பனிக்காலம் முழுவதும் பனிச்சறுக்குச் சரிவுகளிலேயே நிறுத்தி வைப்பதே முறை.

சம்பவ இடத்தில் இருப்பவர்களும் நாய் வரும்வரை கைகட்டி நிற்கலாகாது. புதைந்தவர் அணிந்திருக்கும் கருவியின் சமிக்ஞையைப் பிடிக்கும் கருவி, கம்பி, மண்வாரியுடன் தேடலை உடனே தொடங்க வேண்டும். அப்போது சரிந்த பனியின்மீது உணவை எறிவதும் புகைப்பதும் சிறுநீர் கழிப்பதும் நாயின் வேலையைக் கெடுக்கும். மலைக்குச் செல்வோருக்கு உதவும் இவ்விவரங்களையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்