நீர்மட்டம் மட்டும் அளந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆழ்துளைக் கிணறு (போர்) எத்தனை அடிக்குப் போனாலும் தண்ணீர் இல்லை என்று நீங்கள் போட்டிருந்த கட்டுரை படித்தேன். எல்லாம் சரி, ஆனால் வருகிற தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே? நான் தாளவாடியில் மஞ்சள் போடுகிறவன், அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லை தாண்டிக் கர்நாடகத்தில், குண்டல்பேட்டை பக்கம் பேரம்பாடி என்று 84 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தாரும் பிரெஞ்சு விஞ்ஞானிகளும் வருஷக்கணக்காக அங்கே மழை, மண், போர்த் தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்தே ஆராய்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பந்திப்பூர் காட்டுக்குள் விவசாயமே இல்லாத மூலெஹொளெ என்ற சின்ன இடத்தையும் வைத்திருக்கிறார்கள். 200க்கு மேல் போர்களில் தண்ணீர் எடுத்துப் பார்த்ததில், சில இடங்களில் நைட்ரேட் (தழைச்சத்து தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வடிவம்) குவிவதற்கு உரம் மட்டுமே காரணமில்லை, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப இறைப்பதும்தான் என்று தெரிந்தது. பயிரும் வெயிலும் தண்ணீரைக் குடித்துவிடும், உப்பு அங்கேயே நின்று மிச்சத் தண்ணீரோடு மறுபடி கீழே இறங்கும். முன்பு அந்த உப்புத் தண்ணீர் ஓடையில் ஊற்றெடுத்து ஆற்றோடு போயிருக்கும். இப்போது நீர்மட்டம் ஓடைக்கு வெகு கீழே, அது எங்கே போகும்? பொட்டாஷ் உரத்திலும் இதே கதை, மூட்டையின் எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு, அதுவும் இப்படியே தங்கிவிடும் உப்புதான்.

நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடிநீருக்கான நைட்ரேட் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அந்த அளவு இருக்கிற தண்ணீரை ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் பாய்ச்சினால், அதிலேயே சுமார் 20 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. அதாவது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று! அது தெரியாமல் நாம் கடையில் வாங்கி இன்னொரு மூட்டை போடுகிறோம், அதுவும் கீழேதான் போகிறது.

சொட்டுநீர்க் குழாயின் ஓட்டையில் வெள்ளையாய்ப் பூப்பது சுண்ணாம்பு, கண்ணுக்குத் தெரிகிறது, ஆசிட் விட்டுக் கழுவிவிடுகிறோம். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. போன வருஷம் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது தாளில் கார அமில நிலையும் உப்பின் அளவும் வந்தன, நைட்ரேட்டுக்குக் கட்டமே இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் குடிதண்ணிக்குப் பார்க்கிறதுங்க, பாசனத் தண்ணிக்கு எதுக்கு?" என்றார் அங்கிருந்தவர்.

எங்கள் தோட்டத்து வீட்டில் குடிப்பதும் அந்தப் போர்த் தண்ணீரைத்தான்.

– வாசகர், தாளவாடி