படிப்பு நிற்பதற்கு முன்பே கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிப் படிப்பை யாரும் ஒரே நாளில் விட்டுவிடுவதில்லை. முதலில் வருகை குறையும், அப்புறம் ஒரு பாடத்தில் தோல்வி வரும். பள்ளி நாட்களில் 10 சதவீதம் வராமல் போனாலே விழித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, திட்டாமல் காரணம் கேட்கக்கூடியவர் பள்ளி ஆலோசகர்தான். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, பிள்ளை வேலைக்குப் போகிறதா, வகுப்பில் யாராவது மிரட்டுகிறார்களா என்று தெரிந்தால்தானே உதவ முடியும்? விட்ட பாடத்தை மறுபடி எழுத வழிகாட்டவும் அவரால் முடியும். ஆனால் அவரைத் தேர்வு அட்டவணை போடவும் கோப்பு பார்க்கவும் வைத்துவிடுகிறார்கள். 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அந்த அளவையாவது பள்ளிகள் எட்டட்டும். அலுவலக வேலைக்கு வேறு ஆள் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்