தள்ளாடினால் குடிகாரரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் வீட்டுக்காரர் பஸ்ஸில் ஏறினாலே, "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டார்" என்று முணுமுணுப்பார்கள். ஒரு சொட்டுகூடத் தொடாத மனுஷர் அவர். இருப்பது ஹன்டிங்டன் நோய் என்ற பரம்பரை மூளை நோய். நான்காவது குரோமோசோமில், ஹன்டிங்டின் என்ற புரதத்துக்கான மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து டி.என்.ஏ. குறியீடு திரும்பத் திரும்ப வரும். அது 40 தடவையோ அதற்கு மேலோ போனால் புரதம் கோணலாகி மூளை செல்களைக் கெடுக்கும். கை கால் தானாக ஆடும், பேச்சு குழறும். 1993-லேயே மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். குணப்படுத்தும் மருந்துதான் இல்லை. பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன் பரிசோதிக்கலாம் என்கிறான், மகள் வேண்டாம் என்கிறாள். சரி, அது அவர்கள் இஷ்டம். கண்டக்டர்கள் இவரைப் பாதி வழியில் இறக்கிவிடாமல் இருந்தால் போதும்.

ஒரு வாசகி, திண்டுக்கல்